நெற்றி ஜாமீன்

பூபதி வீல் ஸ்பேனரை ஓங்கியபோது பஸ் ஸ்டாண்ட் கடிகாரத்தில் மணி ஒன்பது இருபது. தாராபுரத்துக்கு அவன் ஓட்டுகிற வண்டி ஒன்பது பதினேழுக்கே கிளம்பியிருக்க வேண்டும். தனியார் பஸ்காரர்களுக்கு மூன்று நிமிடம் என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. முன்னால் போகிற வண்டி வழிநெடுகக் கூட்டத்தை அள்ளிக்கொள்ளும், பின்னால் போகிறவன் காலி சீட்டுகளை ஊர்வலம் கூட்டிப் போக வேண்டியதுதான். அன்றைக்கு சபரிநாதன் என்ற வேறொரு பஸ் டிரைவர் தன் வண்டியைப் பூபதியின் வண்டிக்குக் குறுக்கே போட்டு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துப் பூபதியின் முதலாளி வந்து சேர்ந்தார். நேரம் போனதற்காக, அத்தனை பயணிகள் நடுவில் பூபதியைப் பளாரென்று அறைந்தார். பூபதி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முதலாளி கார் ஏறிப் போன பிறகுதான் டூல் பாக்ஸைத் திறந்தான். சபரிநாதனின் முகத்தில் நான்கு முறை ஸ்பேனரை இறக்கினான். இடது கண் போயிற்று, தாடை மூன்று துண்டாயிற்று. தரையில் சிதறிய பற்களை ஒரு பூக்காரம்மா பொறுக்கி, பூ கட்டுகிற வாழை இலையில் மடித்துப் போலீஸிடம் கொடுத்தார். அந்தப் பொட்டலத்தின் படம் வழக்குக் கட்டில் இருக்கிறது.

அந்தக் கட்டை நான் நூறு முறை படித்திருப்பேன். ‘கையைக் கட்டிக்கொண்டு நின்றான்’ என்ற வரி ஒரு முறைகூட என் மரமண்டையில் ஏறவில்லை.

நான் நன்னடத்தை அலுவலர். சிறைக்குப் பதிலாக வெளியே விடப்படுகிறவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. எனக்கே கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இரண்டு கைபேசிகளைச் சுவரில் அடித்து உடைத்தவன். என்னைப் பிடித்து நன்னடத்தைக்கு அதிகாரியாகப் போட்ட அரசாங்கத்தின் நகைச்சுவையை நான் மெச்சாத நாள் இல்லை.

முன்பெல்லாம் ஜாமீன் கொடுக்க வருகிறவரிடம் ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் கேட்பார்கள். புதுச் சட்டம் வந்த பிறகு நெற்றியைக் கேட்டார்கள். பூபதிக்கு ஏழு வருடத் தண்டனை. நெற்றி ஜாமீன் கிடைத்தால் வீட்டில் இருக்கலாம், இரண்டு வருடம் யாரையும் அடிக்காமல் இருந்து காட்டினால் தண்டனை ரத்து. அதற்குத்தான் அவனையும் அவன் மனைவி கோகிலவாணியையும் டாக்டர் ரெஹானாவின் அறைக்குக் கூட்டிப் போனேன்.

“எனக்குக் கோவம் வந்தாக் கண்ணு தெரியாதுங்க. கை தானாப் போயிருமுங்க” என்றான் பூபதி. போலீஸிடம் சொன்னான், வக்கீலிடம் சொன்னான், நீதிபதியிடம் சொன்னான். அதே சொற்கள், அதே வரிசை.

டாக்டர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “இதுக்குப் பின்னாடி மூளையோட முன்மடல் இருக்கு. யோசிக்கறது, திட்டம் போடறது, முக்கியமா, ‘வேண்டாம், நிறுத்து’ன்னு சொல்றது அதுதான். உங்களுக்கு அந்த நிறுத்தற வேலை சோதனையில நூத்துக்கு இருபத்திரண்டுதான் வந்திருக்கு. இனிமே உங்க ஜாமீன்தாரரோட முன்மடல் உங்களுக்காகவும் நிறுத்தும். அவங்க நெத்தியில ஒரு பட்டை, உங்க மண்டைக்குள்ள ஒரு சில்லு.”

பூபதிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “லாரியோட காத்துல ட்ரெய்லருக்குப் பிரேக் புடிக்கற மாதிரிங்களா?”

“அதேதான்.”

“அதுல ஹோஸ் கழண்டுச்சுன்னா ட்ரெய்லர் தானாப் பிரேக் புடிச்சு நின்னுக்குமுங்க.”

டாக்டர் சிரித்தார். “இதுல நிக்காது. அதனாலதான் பட்டையைக் கழட்டக் கூடாதுங்கறோம்.”

அதுவரை வாய் திறக்காமல் இருந்த கோகிலவாணி கேட்டாள். “காத்தைக் குடுக்கற லாரிக்கு என்னாகுமுங்க?”

“கொஞ்சம் குறையும். எரிச்சல் சட்டுனு வரும். சட்டத்துல அதுக்குத் தற்காலிக அசதின்னு பேர் வெச்சிருக்காங்க. அந்த அசதியில நீங்க ஏதாவது செஞ்சா உங்களுக்குத் தண்டனை கிடையாது.”

ஜாமீனுக்காகப் பூபதியின் அண்ணனைச் சோதித்தபோது முப்பத்தெட்டு வந்தது. ஒரு வேடிக்கைக்காக என்னையும் உட்கார வைத்தார்கள், நாற்பத்தொன்று. கோகிலவாணிக்கு வந்தது தொண்ணூற்று நான்கு. டாக்டர் இரண்டு முறை மெஷினைத் தட்டிப் பார்த்தார். “சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பிரேக் பிடிச்சிட்டிருக்காங்க சார். இப்படி நான் பார்த்ததே இல்ல” என்றார். எனக்கு ஒரே பெருமை. தெருவில் விசாரித்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே குரலில், “வாயில்லாப் பூச்சிங்க. அந்த வூட்ல ஒரு சத்தம் கேட்டதில்லீங்க” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. கேட்டேன். துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

“யாரும் வற்புறுத்தலையே?” என்றேன்.

“இல்லீங்க சார். அவராலே முடியலீங்க. முடிஞ்சாச் செய்ய மாட்டாருங்களா? என்ற கிட்ட இருக்கறதைக் குடுத்துட்டுப் போறேன்.”

அவள் ‘முடியலீங்க’ என்று சொன்னதை நான் சபரிநாதனின் கண்ணைப் பற்றியது என்றே நினைத்தேன்.

*

முதல் இரண்டு மாதம் பூபதி தங்கமான மனிதன் ஆனான். வேலைக்குப் போக அனுமதி இல்லாததால் வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்தான், கீரை ஆய்ந்தான். தெருவே வியந்தது. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய் வந்தாள். பட்டையின் சைகை எட்டூரைத் தாண்டியும் போகும், அதில் சிக்கல் இல்லை. அவள் குளிப்பதற்கு மட்டும் காலை ஆறு மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பட்டையைக் கழற்றலாம். அந்த நேரம் பூபதி உள்ளறையில் இருக்க வேண்டும், வெளியே தாழ்ப்பாள். தினமும் சரியாக ஆறு மணிக்கு அவன் கதவை உதைக்கத் தொடங்குவான். காது கூசுகிற வசவு. சுவர்ப் பூச்சு உதிர்ந்து கதவு நிலை ஆடியது. ஆறே முக்காலுக்கு அவள் காதின் பின்னால் பட்டையின் கொக்கியை மாட்டிக்கொண்டு, “மாட்டிட்டனுங்க” என்பாள். உதை நின்றுவிடும். கருவியின் சக்தியைப் பார் என்று நான் அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதினேன்.

மூன்றாம் மாதம் பனியன் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. செக்கிங் மேசைக்குப் பின்னால் வந்து நின்று பெண்களின் முதுகைத் தடவுகிற சூப்பர்வைசர் ஒருவன். அன்றைக்கு அவன் கையை மேசையில் ஊன்றியபோது கோகிலவாணி நூல் பிசிறு வெட்டுகிற கத்தரியைப் புறங்கையில் இறக்கிவிட்டாள். நான் போனபோது வெள்ளை பனியன் கட்டு முழுக்க ரத்தம். கத்தரி கையைத் துளைத்துப் பலகைவரை போயிருந்தது. அதைப் பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கொண்டிருந்தான்.

“ஏம்மா இப்படிப் பண்ணின?”

“அந்தக் கை நாலு வருசமா முதுகுல ஊர்ந்துட்டிருந்துச்சுங்க சார். எனக்கு வர்ற கோவம் புதுசில்லீங்க, எல்லாம் பழசுதான். நிறுத்தறதுக்குத்தான் உள்ளே ஆளில்லை.”

தற்காலிக அசதி என்று எழுதி வழக்கை மூடினேன். கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஐந்தாம் மாதம் பூபதியின் அண்ணன் வந்து, வீட்டில் ஆம்பளையைப் பூண்டு உரிக்க வைக்கிறாயே என்று கேட்டார். கொதிக்கிற ரசத்தை அப்படியே அவர் மடியில் கவிழ்த்தாள். வேட்டி தோலோடு ஒட்டிக்கொண்டதாம். அதுவும் அசதி. அவர் அலறியபோது பூபதி சுவரோடு ஒட்டி நின்றான். தெருவில் பேச்சு திரும்பியது. “அவரு மனுசனாயிட்டாருங்க. அவளுக்குத்தான் என்னமோ புடிச்சிருச்சு” என்றார்கள். வாயில்லாப் பூச்சி என்று கையெழுத்துப் போட்டவர்களே சொன்னார்கள்.

ஆறாம் மாதம் ஒரு நாள் என் கைபேசியில் எச்சரிக்கை வந்தது. பட்டையின் கொக்கி திறந்திருக்கிறது, இணைப்பு அறுந்து ஐந்து மணி நேரம் பத்து நிமிடம். அந்த வீட்டில் எந்தக் கலாட்டாவும் இல்லை. சிக்னல் கோளாறு என்று தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனேன். என் வாழ்க்கையில் நான் குடித்த டீயிலேயே அதுதான் அதிகம் கசந்தது. கசப்பு தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

*

எட்டாம் மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மாதாந்திரச் சோதனைக்காகப் பதினொரு மணிக்குப் போனேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தெருவில் அமைதி. உள்ளேயிருந்து மட்டும் ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. கதவைத் தள்ளினேன்.

பூபதி அடுப்பங்கரை மூலையில் குந்தியிருந்தான். துண்டைச் சுருட்டி வாயில் திணித்து, பல்லால் கடித்திருந்தான். வலது கை தோளுக்குக் கீழே தனியாகத் தொங்கியது. முழங்கையில் எலும்பு வெளியே தெரிந்தது. கோகிலவாணி எதிரே நின்றாள். கையில் ஜாக்கி லிவர், டயர் மாற்றும்போது வண்டியைத் தூக்குகிற அந்த இரும்புக் கம்பி. அந்த வீட்டுக் கதவின் பின்னால் அது நிற்பதை ஒவ்வொரு மாதமும் பார்த்திருக்கிறேன். டிரைவர் வீடு, கம்பி இருக்காதா என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் ஓங்கினாள். அவன் மிச்சமிருந்த கையைத் தூக்கித் தலையை மறைத்தான், அவளைத் தடுக்கவில்லை. கம்பி விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. துண்டுக்குள் அவன் கத்தினான். வெளியே ஒரு மூச்சுகூட வரவில்லை.

“கோகிலா!” என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பட்டை நெற்றியில் இருந்தது. முகத்தில் வெறி இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. “ஒரு நிமிசம் இருங்க சார். இன்னும் ஒண்ணுதான் பாக்கி” என்றாள். காரை எலும்பில் இறக்கினாள். அவன் பக்கவாட்டில் சாய்ந்தான், துண்டு வாயிலிருந்து விழுந்து தரையெல்லாம் ரத்தமும் எச்சிலும். அவள் கம்பியைக் கதவின் பின்னால் பழைய இடத்திலேயே சாத்தி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

நான் பூபதியின் அருகில் உட்கார்ந்தேன். “திருப்பி அடிக்கலையா? ஓடலையா?” என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

“எப்படிங்க முடியும்? அவ பட்டை போட்டிருக்காளே. கை எந்திரிக்க மாட்டேங்குதுங்க” என்று முனகினான்.

“வாயில ஏன் துணி?”

“வெளிய தெரிஞ்சா மானம் போயிருமுங்க.”

அந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்டதில்லை என்று ஒரு தெருவே எனக்கு எழுதிக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் சேலைத் தலைப்பைப் பார்த்தேன். ஓரம் முழுக்கப் பல் பட்டுப் பட்டு நைந்திருந்தது. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

*

மகளிர் காவல் நிலையத்தில் அவளைப் பார்க்கப் போகும்போது பட்டையின் இணைப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்திருந்தேன். கொக்கி அன்றைக்குக் காலை பத்து இருபதுக்கே திறந்திருக்கிறது. பட்டை நெற்றியில் சும்மா இருந்திருக்கிறது. அவள் அடித்தபோது அவள் பிரேக் முழுசாக அவளிடம்தான் இருந்தது.

பிரேக் இணைப்பில் இருந்திருந்தால் அசதி, தண்டனை இல்லை. இல்லாவிட்டால் கொடுங்காயம், ஜெயில்.

“சிக்னல் கோளாறுன்னு எழுதிடறேன்மா. பட்டை வேலை செஞ்சுட்டுத்தான் இருந்துச்சுன்னு சொல்லிடு” என்றேன். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன். ஆறாம் மாத எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாத என்னையும் சேர்த்துத்தான்.

“வேண்டாங்க சார். நாந்தான் கொக்கியைக் கழட்டி விட்டேன். கேஸ் அடுப்பை அணைச்சேன், ஜன்னலைச் சாத்தினேன், அப்புறந்தான் கம்பியை எடுத்தேன். தலையில ஒண்ணுகூடப் படாமப் பாத்துக்கிட்டேன். பன்னெண்டு அடி. அசதியில இருக்கறவளால எண்ண முடியுங்களா?”

“ஏம்மா?”

அவள் கோணல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். “கல்யாணம் ஆகிப் பதினாலு வருசங்க. இதை உடைச்சது ஆறாவது வருசம், அதே கம்பி. அடிச்சு முடிச்சுட்டு அழுவாரு. கோவம் வந்தாக் கை தானாப் போயிருது, என்னால முடியலைம்பாரு. முடியாத மனுசனை என்ன பண்றதுன்னு பொறுத்துக்கிட்டேன். காலொடிஞ்சவனை ஏன் நடக்கலைன்னு கேப்பமுங்களா? அப்படித்தான் நெனச்சேன்.”

சேலைத் தலைப்பின் நைந்த ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள்.

“ஆறாம் மாசம் ஒரு நா கொக்கி சரியா மாட்டலீங்க. எனக்கே தெரியாது. அன்னிக்கு அவரு சட்டையைத் துவைக்கையில கிழிச்சுட்டேன். சோத்துல உப்பில்லை. அவரு பாட்டுக்குப் பூண்டு உரிச்சுட்டே இருந்தாரு. மத்தியானம் காதுக்குப் பின்னால கைய வெச்சேன், கொக்கி தொங்குது. சத்தமில்லாம மாட்டிக்கிட்டனுங்க. மறுநாள் காத்தால ஆறு மணிக்குப் பட்டை கழட்டறது தெரிஞ்சதும் கதவை உதைக்கறாரு. தெரிஞ்சா உதைக்கறாரு, தெரியலீன்னா உதைக்கலை.”

“அதைச் சோதிக்கவா அடிச்ச?”

“சோதிக்க ஒரு அடி போதுங்க. மீதிப் பதினொண்ணு எனக்காக.”

இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். அடித்ததற்காக அழவில்லை. “அவரால முடியும்னு தெரிஞ்சிருந்தா மொதல் வருசமே எந்திரிச்சுப் போயிருப்பனே சார்” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த அறிக்கைத் தாளைச் சுட்டினாள். “கொக்கி கழண்டிருந்துச்சுன்னே எழுதுங்க. மாத்தி எழுதுனீங்கன்னா அவரு மறுபடி முடியாதவராயிருவாரு.”

எழுதினேன். என் தவறையும் சேர்த்து எழுதினேன். பேனாவை வைத்ததும் மூன்றாவது கைபேசியைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. முடிந்தது.

*

அவள் வழக்கும் அவன் ஜாமீன் தொடருமா என்ற கேள்வியும் ஒரே நாளில் கோர்ட்டுக்கு வந்தன. பூபதியைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். வலது கை மாவுக்கட்டில், காரை எலும்புக்கு ஒரு கட்டு. அவன் வக்கீல் பழைய பாட்டையே எடுத்து விட்டார். முன்மடல் பழுதான மனிதர், மெஷினே இருபத்திரண்டு என்று சொல்லியிருக்கிறது, இரக்கம் காட்ட வேண்டும். நீதிபதி டாக்டர் ரெஹானாவைப் பார்த்தார்.

டாக்டர் கூண்டில் நின்று, தலையைக் குனிந்தபடியே சொன்னார். “தப்பு எங்களோடதுங்க ஐயா. ஒருத்தர் எவ்வளவு பிரேக் பிடிக்கறார்னுதான் மெஷின் சொல்லும். எவ்வளவு பிடிக்க முடியும்னு சொல்லாது. சோதனையில அவர் பிடிக்கலை, பழுதுன்னு நாங்க முடிவு பண்ணிட்டோம். அந்தம்மா விடாமப் பிடிச்சிட்டே இருந்தாங்க, பலம்னு முடிவு பண்ணிட்டோம்.”

பிறகு என் பதிவேட்டைப் படித்தார்கள். காலை பத்து இருபது முதல் இணைப்பு இல்லை.

பூபதி தலையைத் தூக்கினான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. “என்னுங்க? இல்லீங்க, அவ போட்டிருந்தா. நான் பாத்தனுங்க” என்றான். எழுத்தர் மறுபடி படித்தார். பூபதி மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தன் விரல்களைப் பார்த்தான். நீதிபதியைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், கடைசியில் எதிர்க்கூண்டைப் பார்த்தான்.

“அப்ப அன்னிக்கு என் கையைப் புடிச்சுட்டிருந்தது யாரு?”

பதினான்கு வருடமாக அவனை ‘நீங்க’ என்றே கூப்பிட்டவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் வந்தாள்.

“நீதான்” என்றாள்.

நீதிபதி அதையும் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்.